இழப்புக்குக் கணக்கு எழுதியவர்கள்

அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு கணக்கு மனப்பாடம். நூறு ரூபாய் மதிப்புள்ள வெப்பம் நிலக்கரியாக உள்ளே போனால், ஏறக்குறைய முப்பத்தைந்து ரூபாய் மதிப்புள்ள மின்சாரம்தான் வெளியே வரும். மீதியில் பெரும்பகுதி கண்டென்சரில் குளிர்நீரோடு போய்விடும். ஒரு பங்கு புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகும். இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. எரிபொருளை எரித்து வெப்பம், வெப்பத்தால் நீராவி, நீராவியால் டர்பைன், டர்பைனால் ஜெனரேட்டர் என்று நாலு கை மாறித்தான் மின்சாரம் வருகிறது. வெப்பத்திலிருந்து வேலை வாங்கும் எந்த இயந்திரமும் ஒரு பங்கை வெளியே கொட்டித்தான் ஆக வேண்டும். அது இயற்கையின் விதி.

அந்தத் துறையில், கருவியியல் பிரிவில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். எரிக்காமலேயே எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு கலத்தைப் பற்றி இன்று எழுதலாம் என்று தோன்றியது. திட ஆக்சைடு எரிபொருள் கலம் என்று பெயர். சாலிட் ஆக்சைடு ஃப்யூவல் செல் என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். இதைக் கண்டுபிடித்தவர்களின் கதை ஓரளவு பலருக்கும் தெரியும். கண்டுபிடித்த பிறகும் அது ஏன் போதிய மின்சாரம் தரவில்லை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களின் கதை அவ்வளவாகத் தெரியாது. எனக்கு அந்த இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது.

நீதிபதியும் பேராசிரியரும்

முதல் எரிபொருள் கலத்தைச் செய்தவர் வில்லியம் ராபர்ட் குரோவ். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி ஊர்க்காரர். வழக்கறிஞர், பிற்காலத்தில் நீதிபதி. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும் என்பது அப்போதே தெரிந்ததுதான். இரண்டையும் மறுபடி சேரவிட்டால் மின்சாரம் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்தார். 1839-இல் கிடைத்தது. அதே சமயத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்பவரும் இதே விளைவைக் கவனித்திருந்தார். குரோவ் தன் கருவிக்கு வாயு மின்கலம் என்று பெயர் வைத்தார். வாயு, அமிலம், பிளாட்டினம் மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் வேலை நடக்கிறது என்பதையும் அவரே புரிந்துகொண்டார். இந்த மூன்றும் சந்திக்கும் எல்லை பின்னால் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1894-இல் ஜெர்மனியின் பெரிய வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் புதிதாகத் தொடங்கிய மின்வேதியியல் சங்கத்தில் பேசினார். நீராவி இயந்திரம் நிலக்கரியின் ஆற்றலை வீணடிக்கிறது. நிலக்கரியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் கலம் வந்தால் கொதிகலனும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். நூற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. என்னைப் போன்றவர்கள் அவற்றின் அடியில் சம்பளம் வாங்கி ஓய்வும் பெற்றுவிட்டோம். ஏன் இவ்வளவு தாமதம்?

விளக்கு எரித்த பீங்கான்

ஆஸ்ட்வால்டின் உதவியாளராக இருந்தவர் வால்தர் நெர்ன்ஸ்ட். 1889-இல், தன் இருபத்தைந்தாவது வயதில், ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். ஒரு மின்கலத்தின் இரு பக்கங்களிலும் பொருள்களின் செறிவு எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லிவிட்டால், அது எத்தனை வோல்ட் தரும் என்று அந்தச் சமன்பாடு சொல்லிவிடும்.

பத்தாண்டு கழித்து அவரே ஒரு விளக்கையும் செய்தார். எடிசனின் கரி இழை விளக்குக்குப் போட்டியாக, சிர்கோனியா என்ற பீங்கானில் சுமார் 15 சதவீதம் இட்ரியா கலந்து ஒரு சிறு குச்சி. குளிர்ந்திருக்கும்போது அதில் மின்சாரம் போகாது. முதலில் சூடாக்கிவிட வேண்டும். சூடானதும் மின்சாரம் பாய்ந்து பளிச்சென்று எரியும். பீங்கான் என்பதால் காற்றில் எரிந்து போகாது, வெற்றிடக் குமிழும் தேவையில்லை. ஏ.இ.ஜி. நிறுவனம் உரிமையை வாங்கியது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் இந்த விளக்குகள் ஒளிர்ந்தன. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் தயாரித்து விற்றார். டங்ஸ்டன் இழை வந்ததும் விளக்கு வழக்கொழிந்தது. பீங்கான் மட்டும் நிலைத்துவிட்டது.

எப்படி நிலைத்தது என்பதை நான் தினமும் பார்த்தேன். கொதிகலனிலிருந்து வெளியேறும் புகையில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்பது கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதிகம் என்றால் வீணாகக் காற்றைச் சூடாக்கி வெளியே அனுப்புகிறோம். குறைவு என்றால் கரி முழுதாக எரியவில்லை. அதற்காகப் புகைப் பாதையில் ஜிர்கோனியா புரோப் என்ற ஒன்றைச் செருகியிருப்பார்கள். உள்ளே நெர்ன்ஸ்டின் அதே பீங்கான், ஒரு சிறு ஹீட்டரால் 700, 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். ஒரு பக்கம் சாதாரணக் காற்று, மறுபக்கம் புகை. இரண்டு பக்கமும் காற்றே இருந்தால் பூஜ்யம் மில்லிவோல்ட். புகையில் 3 சதவீத ஆக்சிஜன் இருந்து வெப்பம் 800 டிகிரியாக இருந்தால் சுமார் 45 மில்லிவோல்ட். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் எண்களைப் போட்டால் அப்படியே வரும். இன்று உங்கள் வீட்டுக் காரின் புகைக்குழாயிலும் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. பாஷ் நிறுவனம் செய்த அந்த உணரியை 1976-இல் வோல்வோ முதன்முதலாகக் காரில் பொருத்தியது.

நாங்கள் வைத்திருந்தது ஆக்சிஜனை அளக்கும் கருவி. அதே பீங்கானின் ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் ஹைட்ரஜன் அல்லது இயற்கை எரிவாயுவும் விட்டால் அதுவே மின்சாரம் தரும் கலம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாகி, பீங்கானுக்குள்ளேயே நடந்து, மறுபக்கம் போய் எரிபொருளோடு சேர்கிறது. எலெக்ட்ரான்கள் பீங்கானுக்குள் போக முடியாததால் வெளியே கம்பி வழியாகச் சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றுப் பயணம்தான் நமக்கு மின்சாரம்.

1937: வேலை செய்தது, பயன்படவில்லை

இதை முதலில் செய்துகாட்டியவர்கள் சூரிக் நகரின் எமில் பௌர், ஹான்ஸ் ப்ரைஸ் என்ற இருவர். ஆண்டு 1937, வெப்பம் 1,000 டிகிரி வாக்கில். மின்னழுத்தம் கிடைத்தது, மின்னோட்டம் மட்டும் மிகச் சொற்பம். பீங்கானின் மின்தடை மிக அதிகம் என்று தெரிந்தது. ஆனால் நஷ்டம் முழுவதும் பீங்கானில்தானா, மின்வாய்களிலும் உண்டா, வாயு போய்ச் சேருவதிலும் உண்டா என்று பிரித்துச் சொல்லும் வழி அப்போது இல்லை.

கடை வைத்து நடத்தியவர்களுக்கு இந்த நிலைமை புரியும். மாதக் கடைசியில் கல்லாவில் பணம் குறைகிறது. வாடகையிலா, கடனிலா, சரக்கு கெட்டுப் போனதிலா என்று தெரியாதவரை எதையும் சரிசெய்ய முடியாது. தலைப்புத் தலைப்பாகச் செலவு எழுத வேண்டும். எரிபொருள் கலத்தின் கணித மாதிரி என்று இன்று சொல்வதும் அப்படி ஒரு கணக்குப் புத்தகம்தான். வரவு ஒரு வரி. செலவு மூன்று வரி.

வியப்பு என்னவென்றால், அந்த நாலு வரியில் பெரும்பாலானவை 1937-க்கு முன்பே எழுதப்பட்டிருந்தன. எழுதியவர்களில் எவரும் இப்படி ஒரு கலத்தை மனதில் வைத்து எழுதவில்லை.

வரவு ஒன்று, செலவு மூன்று

வசதிக்காக ஒரு வோல்ட்டை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வரவு நெர்ன்ஸ்டின் சமன்பாடு. 800 டிகிரியில், சிறிது ஈரமுள்ள ஹைட்ரஜன் ஒரு பக்கம், காற்று மறுபக்கம் என்றால், வரவு 110 பைசா. இதே கலத்தை 1,000 டிகிரிக்குக் கொண்டுபோனால் 107 பைசாவாகக் குறையும். சூடு கூடக்கூட வரவு குறைகிறது! பின் ஏன் இவ்வளவு சூடாக வைக்க வேண்டும்? செலவு அதைவிட வேகமாகக் குறைகிறது என்பதுதான் காரணம்.

செலவில் முதல் வரி மின்தடை. இது ஓம் விதி, பள்ளியில் படித்தது. ஆனால் இந்தப் பீங்கான் ஏன் கடத்துகிறது என்பதை 1943-இல்தான் கார்ல் வாக்னர் என்ற ஜெர்மானியர் தெளிவாக்கினார். சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் இட்ரியம் உட்கார்ந்தால் மின்னூட்டக் கணக்கு இடிக்கிறது. அதைச் சரிக்கட்ட, இரண்டு இட்ரியத்துக்கு ஒரு ஆக்சிஜன் இடம் காலியாக விடப்படுகிறது. பக்கத்து ஆக்சிஜன் அந்தக் காலி இடத்துக்குத் தாவும். அது விட்ட இடத்துக்கு அடுத்தது தாவும். நிரம்பி வழியும் பேருந்தில் ஒருவர் இறங்கினால்தான் மற்றவர்கள் நகர முடிகிற மாதிரி. சூடு ஏறினால் தாவல் வேகமாகும்.

இதற்கு எண் போட்டுப் பார்ப்போம். பீங்கான் ஒரு மில்லிமீட்டர் தடிமன், வெப்பம் 1,000 டிகிரி, ஒரு சதுர சென்டிமீட்டரில் அரை ஆம்பியர் மின்னோட்டம் என்றால் 50 பைசா அதிலேயே போய்விடும். வரவில் ஏறக்குறைய பாதி! அதே பீங்கானை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக மெல்லிதாக்கிவிட்டால், 800 டிகிரியிலேயே செலவு 2 பைசாதான். பௌர் காலத்தில் இவ்வளவு மெல்லிய, ஓட்டையில்லாத பீங்கான் செய்யத் தெரியாது. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதைக் கணக்கு காட்டிவிட்டது.

இரண்டாவது வரி, மின்வாயில் வினை தொடங்குவதற்குக் கட்டும் சுங்கம். இதன் விதியை 1905-இல் கண்டவர் யூலியுஸ் டாஃபெல். சுவிட்சர்லாந்தில் பிறந்து வூர்ட்ஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்தவர். கரிம வேதியியல்காரர், எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைனை ஆராய்ந்துகொண்டிருந்தபோது மின்வேதியியலுக்குள் வந்தவர். மின்னோட்டத்தைப் பத்து மடங்கு கூட்டினால் இந்தச் சுங்கம் பத்து மடங்கு கூடுவதில்லை, ஒரு குறிப்பிட்ட அளவுதான் கூடுகிறது என்று கண்டார். மடக்கைக் கணக்கு. உடல்நலம் கெட்டு 48 வயதிலேயே ஓய்வு பெற்றார். தூக்கமின்மையால் பல ஆண்டுகள் அவதிப்பட்டு, 1918-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்று உலகில் எந்த எரிபொருள் கலத்தின் மாதிரியைத் திறந்தாலும் அவர் பெயர் உண்டு. 1924-இல் பட்லரும், 1930-இல் எர்டே-குரூஸ், வோல்மர் இருவரும் அந்த விதிக்கு முழு வடிவம் கொடுத்தார்கள்.

மூன்றாவது வரி, நெரிசல். எரிபொருள் வாயு, துளைகள் நிறைந்த மின்வாய்க்குள் நுழைந்து உள்ளே போக வேண்டும். உண்டான நீராவி அதே சந்து வழியாக வெளியே வர வேண்டும். மின்னோட்டம் கூடினால் தெருவில் தேர் வரும் நாள் மாதிரி ஆகிவிடும். ஓர் எல்லைக்கு மேல் மின்னழுத்தம் சடசடவென விழும். பரவலின் விதியை 1855-இல் எழுதியவர் அடோல்ஃப் ஃபிக். உடலியங்கியல் படித்த மருத்துவர்! இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்று கணக்கிடும் முறைக்கும் அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இதய சிகிச்சைக்குப் போய்வந்த நம்மில் சிலர் அறியாமலேயே அவருக்குக் கடன்பட்டவர்கள். துளை மிகச் சிறியதாக இருந்தால் வாயு மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதுவதைவிடச் சுவரில்தான் அதிகம் மோதும். அதற்குத் தனி விதி எழுதியவர் டென்மார்க்கின் மார்ட்டின் நுட்சன், 1909-இல். அவருடைய இன்னொரு வேலை கடல் நீரின் உப்பை அளப்பது.

ஆக, விளக்கு செய்தவர் ஒருவர், எட்டிக்கொட்டை ஆராய்ந்தவர் ஒருவர், மருத்துவர் ஒருவர், கடல் நீரை அளந்தவர் ஒருவர். ஒருவரை ஒருவர் கலந்து பேசாமல் எழுதிய வரிகள் ஒரே கணக்கில் வந்து சேர்ந்தன.

தாளில் இருந்து குழாய்க்கு

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் இந்தக் கலத்தைக் கையில் எடுத்தது. வைஸ்பார்ட், ருக்கா என்ற இருவர் 1962-இல் தங்கள் கலத்தை விவரித்தார்கள். பிறகு 1970-களின் இறுதியில் அதே நிறுவனத்தின் ஆர்னால்ட் ஐசன்பெர்க், வாயு நிலையிலிருந்து பீங்கானைப் படியவைத்து மெல்லிய தோல் போல வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு முனை மூடிய நீளமான குழாய். அதன் சுவரில் தலைமுடியின் தடிமனைவிட மெல்லிய பீங்கான். மின்தடை வரி சுருங்கிவிட்டது என்று நினைத்தால் மாதிரி வேறொன்றைக் காட்டியது. மின்சாரம் பீங்கானைக் குறுக்கே கடப்பதில் அல்ல, குழாயின் சுற்றளவைச் சுற்றி வரும் நீண்ட நடையில்தான் பெரும் நஷ்டம். குழாயைத் தட்டையாக்கி நடையைக் குறைக்கலாம் என்ற யோசனை அதிலிருந்துதான் பிறந்தது.

அந்தக் குழாய்கள் 1,152-ஐச் சேர்த்து 100 கிலோவாட் நிலையம் ஒன்றை நெதர்லாந்தில் வெஸ்டர்வோர்ட் என்ற ஊரில் 1990-களின் இறுதியில் ஓட்டினார்கள். 46 சதவீதத் திறனில் 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பிறகு அதையே ஜெர்மனியின் எஸ்ஸன் நகருக்கும், இத்தாலியின் டூரினுக்கும் எடுத்துப்போய் ஓட்டினார்கள். எங்கள் 35 எங்கே, இந்த 46 எங்கே! அதுவும் சுழலும் பெரிய டர்பைன் எதுவும் இல்லாமல், ஊர் நடுவே வைக்கக்கூடிய அளவில்.

1999-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் அனில் விர்கர், வெஸ்டிங்ஹவுஸில் நெடுங்காலம் இருந்த சுபாஷ் சிங்கல் உள்ளிட்டோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருவரும் நம் நாட்டு வேர் கொண்டவர்கள். எரிபொருள் பக்கத்து மின்வாயைத் தடிமனாக்கி அதையே சுவராக வைத்து, அதன்மேல் பீங்கானை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனில் பூசினார்கள். அளந்த வளைகோட்டைச் செலவின் மூன்று வரிகளாகப் பிரித்தும் காட்டினார்கள். 800 டிகிரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.8 வாட் வரை கிடைத்தது. நஷ்டம் பீங்கானை விட்டு மின்வாய்களுக்கு இடம் மாறிவிட்டது என்பதுதான் அந்தப் பிரிப்பு சொன்ன சேதி. அதற்குப் பிறகு ஆராய்ச்சியின் கவனமும் மின்வாய்களுக்கு மாறியது.

குரோவ் சொன்ன மூன்றும் சந்திக்கும் எல்லை இங்கேதான் மறுபடி வருகிறது. 2006-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், அயனிக் கற்றையால் மின்வாயைச் சீவல் சீவலாகச் செதுக்கிப் படம் எடுத்து, கணினியில் அடுக்கி, உள்ளே வாயுவும் நிக்கலும் பீங்கானும் தொடும் கோட்டின் நீளத்தை அளந்தார்கள். ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சிறு சர்க்கரைக் கட்டி அளவில், 4,000 கிலோமீட்டருக்கு மேல்! காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போனாலும் மிச்சம் இருக்கும்.

ஒத்துப்போன கணக்குகளும் ஒத்துப்போகாத கலமும்

ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கு சரியாகிவிட்டது. உள்ளங்கை அளவுப் பலகைக்கு? அங்கேதான் சிக்கல். எரிபொருள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறது. நுழையும் இடத்தில் வரவு 110 பைசா. ஹைட்ரஜனில் 85 சதவீதம் தீர்ந்து வெளியேறும் இடத்தில் வரவு 86 பைசாதான். ஆனால் பலகை முழுவதும் ஒரே உலோகத் தட்டு தொட்டுக்கொண்டிருப்பதால் மின்னழுத்தம் எங்கும் ஒன்றே. எனவே எரிபொருள் நிறைந்த இடத்திலும் சூடான இடத்திலும் மின்னோட்டம் குவியும். குவிந்த இடம் மேலும் சூடாகும். இயற்கை எரிவாயுவை நேரே விட்டாலோ, நுழைவாயிலில் அது பிளவுபடும்போது வெப்பத்தை உறிஞ்சி அந்த இடத்தைக் குளிரவைக்கும். ஒரு பக்கம் குளிர்ச்சி, ஒரு பக்கம் கொதிப்பு. இடையில் இருப்பது பீங்கான். விரிசல் விட வேறென்ன வேண்டும்?

1990-களில் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் எல்மர் ஆகன்பாக் இதை முப்பரிமாணத்தில், நேரத்தோடு மாறும் கணக்காகப் போட்டார். சர்வதேச எரிசக்தி முகமையின் திட்டத்தில் ஒரு பொதுத் தேர்வும் நடந்தது. 10 சென்டிமீட்டர் சதுரப் பலகை, 85 சதவீத எரிபொருள் பயன்பாடு, வினைக்குத் தேவையானதைப் போல 7 மடங்கு காற்று என்று ஒரே கேள்வித்தாளைப் பல நாட்டுக் குழுக்களுக்குக் கொடுத்து விடை எழுதச் சொன்னார்கள். விடைகள் பெரிதும் ஒத்துப்போயின. அந்த 7 மடங்கு காற்றைக் கவனியுங்கள். ஆக்சிஜனுக்காக அல்ல, சூட்டை வெளியே எடுப்பதற்காக. ஃபேன் ஓட்டுவதற்கு மின்சாரம் செலவாகும் என்பது எங்களைப் போன்ற கொதிகலன்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்தத் தேர்வில் கேட்டது ஒரு கற்பனைக் கலத்தைப் பற்றி. எல்லோருடைய விடையும் ஒன்று என்றால் எல்லோரும் ஒரே மாதிரி கணக்குப் போட்டார்கள் என்று பொருள். உண்மையான கலம் அப்படித்தான் நடக்கும் என்று பொருள் இல்லை. கருவியியலில் இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். மூன்று மீட்டர்கள் ஒரே அளவைக் காட்டினால் மட்டும் போதாது. அளவு தெரிந்த வாயுவை உள்ளே விட்டு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கலத்தின் மாதிரியிலும் இந்தப் பொறி உண்டு. ஒரே வளைகோட்டை வெவ்வேறு விதமாகச் செலவு பிரித்தும் பொருத்திவிட முடியும். வளைகோடு பொருந்துகிறது என்பதற்காக ஒவ்வொரு வரியும் சரி என்று ஆகாது. அதனால்தான் இப்போது மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றிக் கொடுத்து, எந்த நஷ்டம் எங்கே என்று தனித்தனியாக அளந்துவிட்டுக் கணக்கில் ஏற்றுகிறார்கள்.

திருச்சி வழியாகச் செவ்வாய்க்கு

இந்தக் கதையில் நம் ஊரின் பங்கு உண்டு. திருச்சி ஆர்.இ.சி.யில், இன்றைய என்.ஐ.டி.யில், மெக்கானிக்கல் படித்தவர் கே.ஆர். ஸ்ரீதர். அமெரிக்கா போய், அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, நாசாவுக்காகச் செவ்வாய்க் கிரகத்தின் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவியில் ஈடுபட்டார். அதே பீங்கான், தலைகீழ் வேலை: மின்சாரம் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிரியும். 2001-இல் போக வேண்டிய அந்தத் தரையிறங்கு கலம் ரத்தானது. அதே ஆண்டு அவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்று ப்ளூம் எனர்ஜி என்று அழைக்கப்படும் அது, 2010-இல் தன் பெட்டிகளை உலகுக்குக் காட்டியது. கணினித் தரவு மையங்களுக்கு அவை இப்போது மின்சாரம் கொடுக்கின்றன. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த சிக்ரி ஆய்வகத்திலும் இந்தக் கலத்துக்கான பொருள்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

செவ்வாயில் ஆக்சிஜன் எடுக்கும் கனவும் பின்னால் நிறைவேறியது. 2021 ஏப்ரல் 20-ஆம் தேதி, பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி என்ற கருவி, 800 டிகிரி வெப்பத்தில், அங்கே முதன்முதலாக 5 கிராம் சொச்சம் ஆக்சிஜன் உண்டாக்கியது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் மின்வாயில் கரி படிந்து கருவி பாழாகிவிடும். அங்கே போய்த் துடைக்க ஆள் இல்லை. எந்த எல்லைவரை போகலாம் என்று சொன்னது நெர்ன்ஸ்டின் 1889 சமன்பாடுதான்.

எழுதப்படாத வரி

அப்படியென்றால் கணக்கு முடிந்துவிட்டதா? இல்லை. நான் சொன்ன நாலு வரியும் இன்றைக்கு இந்தக் கலம் எப்படி நடக்கும் என்று சொல்லும். ஐந்து வருடம் கழித்து எப்படி நடக்கும் என்று சொல்லாது. மின் நிலையம் கட்டப் பணம் போடுகிறவர் கேட்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். 40,000 மணி நேரமாவது உழைக்குமா?

கலம் மூப்படைகிறது. நிக்கல் துகள்கள் மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன. அந்த 4,000 கிலோமீட்டர் எல்லை சுருங்குகிறது. இணைப்புத் தட்டின் எஃகிலிருந்து குரோமியம் ஆவியாகிக் காற்றுப் பக்கத்து மின்வாயில் படிந்து அடைக்கிறது. அணைத்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் பீங்கான் நோகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சமன்பாடுகள் உண்டு. ஆனால் எல்லாம் சேர்ந்து எப்போது என்ன ஆகும் என்று சொல்ல, டாஃபெல் விதி போல, நெர்ன்ஸ்ட் விதி போல, கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒரு வரி இன்னும் வரவில்லை.

அதனால் பழைய முறையே கைகொடுக்கிறது: ஓட்டிப் பார்ப்பது. யூலிஷில் 2007 ஆகஸ்டில் இரண்டே கலங்கள் கொண்ட ஓர் அடுக்கை 700 டிகிரியில் ஓடவிட்டார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு மேல், 90,000 மணி நேரத்தைத் தாண்டி, அது ஓடியது. தொடங்கும்போது ஆய்வு மாணவராக இருந்த ஒருவர் அது நிற்பதற்குள் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார். அந்த அடுக்கிலிருந்து கிடைத்த எண்கள்தான் இனி எழுதப்படப் போகும் வரிக்கு ஆதாரம்.

ஆஸ்ட்வால்டின் கனவு ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று தொடக்கத்தில் கேட்டேன். கலம் 1937-லேயே வந்துவிட்டது. அதன் நஷ்டத்தைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றாகக் குறைக்க அறுபது ஆண்டுகள் பிடித்தன. மூப்புக்கான வரியை யாராவது எழுதும்வரை புகைபோக்கிகள் நிற்கும். பழைய வழக்கத்தைப் பார்த்தால், அதை எழுதப் போகிறவரும் வேறு எதையோ ஆராய்ந்துகொண்டு எங்கோ ஒரு மூலையில் இப்போது உட்கார்ந்திருக்கலாம்.